சர்க்கரை ஏறுவதற்கு முன்பே

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1922 ஜனவரியில் டொரொண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதற்குப் பிறகு, சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் இல்லாமைதான் என்று மருத்துவ உலகம் முடிவுகட்டிவிட்டது. கணையம் சுரக்கவில்லை, வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகிவிடும். கணக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் வார்டில் நோயாளிகளோடு நாளெல்லாம் இருந்த மருத்துவர்களை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சிலருக்கு இன்சுலின் துளி கூடினாலும் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, மயக்கம் வந்துவிடும். வேறு சிலருக்கு எவ்வளவு ஏற்றினாலும் சர்க்கரை இருந்த இடத்திலேயே நிற்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் இதைச் சோதித்துப் பார்த்தார். அப்போது அவருக்கு 30 வயதுகூட நிறையவில்லை. நோயாளியின் உடல் அளவுக்கு ஏற்ப அளந்த குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுப்பார். அதே நேரத்தில் அளந்த இன்சுலினை ரத்தக் குழாயில் செலுத்துவார். பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பார். சிலரிடம் குடித்த குளுக்கோஸை ஊசியின் இன்சுலின் அடக்கிவிட்டது. சர்க்கரை ஏறவே இல்லை. இவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர், ஒல்லியானவர்கள், நோய் திடீரென்று தாக்கியவர்கள். மற்றவர்களுக்கோ இன்சுலினே போடாததுபோலச் சர்க்கரை ஏறியது. இவர்களில் பலர் வயதானவர்கள், பருத்தவர்கள், ரத்த அழுத்தமும் இருந்தவர்கள். 1936 ஜனவரியில் 'லான்செட்' இதழில் ஹிம்ஸ்வொர்த் எழுதினார்: சர்க்கரை நோய் ஒன்றல்ல, இரண்டு வகை. ஒன்றில் இன்சுலின் போதவில்லை. மற்றதில் உடல் இன்சுலினுக்கு இணங்கவில்லை.

அந்தக் கட்டுரைக்கு உரிய மதிப்பு கிடைக்க ஒரு தலைமுறை ஆயிற்று. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இரண்டாவது வகை நோயாளியின் ரத்தத்தில் இன்சுலின் இருக்கிறது என்று ஹிம்ஸ்வொர்த் ஊகிக்கத்தான் முடிந்தது. அளந்து காட்ட அன்று வழி இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அவ்வளவு நுண்ணிய அளவில் ஓடுகிறது.

வழி கிடைத்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை. அங்கே ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளர், துப்புரவுப் பொருட்கள் வைக்கும் அறை ஒன்றை ஆய்வகமாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தார். மருத்துவர் சாலமன் பெர்சன் அவரோடு சேர்ந்தார். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினைச் சிலருக்குச் செலுத்தி, அது எவ்வளவு வேகமாக ரத்தத்திலிருந்து மறைகிறது என்று இருவரும் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் உடல் இன்சுலினைச் சீக்கிரமே அழித்துவிடுகிறது என்ற கருத்து அப்போது பேசப்பட்டு வந்தது. கண்டதோ நேர்மாறு. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அது மெதுவாகத்தான் மறைந்தது, ஏனென்றால் அவர்கள் உடலில் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்கள் உருவாகியிருந்தன. அந்த எதிர்ப்புரதத்தையே அளவுகோலாக மாற்றி, ரத்தத்தில் உள்ள துளித் துளி இன்சுலினையும் எண்ணும் முறையை 1960-க்குள் உருவாக்கினார்கள். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு வந்தது. பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் அந்த மேடையில் அவருக்கு இடம் இல்லாமல் போனது.

புதிய முறையில் அளந்தபோது ஹிம்ஸ்வொர்த்தின் ஊகம் உறுதியாயிற்று. நடுவயதில் நோய் வந்தவர்கள் பலரின் ரத்தத்தில், குளுக்கோஸ் குடித்த பிறகு, நோயில்லாதவர்களைவிட அதிக இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது. இன்சுலினும் ஏராளம், சர்க்கரையும் ஏராளம். இந்த இரண்டும் ஒரே ரத்தத்தில் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

*

முதலில் சில அளவுகள். வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் சர்க்கரை என்றால், மொத்த ரத்தத்திலும் இருப்பது நாலரை கிராம் குளுக்கோஸ், ஒரு டீஸ்பூன் அளவு. காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறோம். அதிலிருந்து மட்டும் 30 முதல் 50 கிராம் வரை குளுக்கோஸ் குடலிலிருந்து ரத்தத்துக்கு வருகிறது. ரத்தத்தில் இருப்பதைப் போல ஏழு முதல் பதினோரு மடங்கு. அப்படியும், ஆரோக்கியமான உடலில் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருக்காது. வந்ததில் பெரும்பகுதியைத் தசையும் கல்லீரலும் அந்த நேரத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டன. அவற்றை எடுக்கச் சொன்னது இன்சுலின்.

தசைச் செல்லில் அது நடக்கும் விதம் இது. இன்சுலின் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் வெளிச்சவ்வில் நிற்கும் ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியவுடன் அந்தப் புரதத்தின் உட்பகுதி உருமாறி, பக்கத்திலுள்ள இன்னொரு புரதத்தின்மீது பாஸ்பேட் குறிகளை வைக்கிறது. அது அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, செய்தி செல்லின் உள்ளே இறங்குகிறது. அங்கே நுண்ணிய குமிழ்களில் குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. செய்தி கிடைத்ததும் குமிழ்கள் மேலே வந்து சவ்வோடு கலக்கின்றன. குளூட்-4 வெளிப்பரப்பில் வந்து நிற்கிறது. குளுக்கோஸ் அதன் வழியாக உள்ளே போகிறது. இன்சுலின் குறைந்ததும் குளூட்-4 மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கோடிக்கணக்கான செல்களில் இது நடக்கிறது.

இன்சுலின் எதிர்ப்பு என்பது இந்தச் செய்தி நடுவழியில் மங்கிப்போவது. பெரும்பாலானோரிடம் ஏற்பி நன்றாகவே இருக்கிறது, இன்சுலினும் அதில் சரியாகவே ஒட்டுகிறது. உள்ளே போகும் சங்கிலியில்தான் தடங்கல். ஆகவே பத்து குமிழ் மேலே வர வேண்டிய இடத்தில் நான்கு வருகிறது. பத்தும் வர வேண்டுமானால் இன்னும் அதிக இன்சுலின் வேண்டும்.

அதை அளக்கும் முறையை 1979-இல் ரால்ஃப் டிஃப்ரான்சோவும் சகாக்களும் விவரித்தார்கள். இன்றுவரை ஆய்வாளர்கள் நம்புவது அதைத்தான். படுத்திருப்பவரின் ஒரு கையில் இன்சுலின் ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும். இன்னொரு கையைச் சூடான பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். சூட்டில் சிரை ரத்தம் தமனி ரத்தத்தின் தன்மைக்கு அருகில் வந்துவிடும். அந்தக் கையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். இன்சுலின் ஏற ஏறச் சர்க்கரை இறங்கப் பார்க்கும். இறங்காமல் 90, 100-லேயே நிற்கும்படி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இப்படியே போகும். கடைசியில், நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது என்பதே விடை. இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் உடல் நிறைய குளுக்கோஸ் கேட்கும். எதிர்க்கும் உடலுக்குக் கொஞ்சமே போதும். இந்தச் சோதனைகளில் ஏறிய குளுக்கோஸில் சுமார் 80 சதவீதத்தைத் தசைகள் எடுத்துக்கொண்டது தெரியவந்தது. உடலின் சர்க்கரைக் கணக்கில் தசை எவ்வளவு பெரிய ஆள் என்பதை மருத்துவ உலகம் இப்படித்தான் முழுசாக உணர்ந்தது.

கல்லீரலுக்கு வேறொரு வேலை. நாம் தூங்கும்போது மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதைக் கல்லீரல் தயாரித்து விட்டுக்கொண்டே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு ஏறத்தாழ 7 கிராம். எவ்வளவு விடலாம் என்று அடக்கி வைப்பதும் இன்சுலின்தான். கல்லீரல் அந்தச் சொல்லைக் கேட்காதபோது உற்பத்தி கட்டுமீறிப் போகிறது. "ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன் டாக்டர், காலையில எப்படி 150 காட்டுது?" என்று கேட்காத சர்க்கரை நோயாளி குறைவு. அவர் சொல்வது உண்மை. காலையில் கூடுதலாகக் காட்டியது சப்பாத்தியின் சர்க்கரை இல்லை. இரவெல்லாம் அவருடைய கல்லீரலே தயாரித்தது. ஒளித்து எதையோ தின்றார் என்று வீட்டில் அவரைச் சந்தேகிப்பது எவ்வளவு அநியாயம் என்பது இது தெரிந்தால் விளங்கும்.

*

தசையும் கல்லீரலும் இணங்காதபோது கணையம் என்ன செய்யும்? இன்னும் அதிகமாகச் சுரக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அதனால் சர்க்கரை ஏறாது. பரிசோதனைச் சீட்டில் எல்லா எண்ணும் கட்டத்துக்குள் இருக்கும்.

தெருக் குழாயில் அடைப்பு கூடிக்கொண்டே போகும் வீட்டை நினைத்துக்கொள்ளலாம். மோட்டார் முன்னைவிட அதிக நேரம் ஓடி மாடித் தொட்டியை நிரப்பிவிடுகிறது. தொட்டியை மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. மோட்டார் சூடேறிக் கருகும் நாளில்தான் தண்ணீர் இல்லை என்று வீடே பதறும். வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனை தொட்டியை எட்டிப் பார்ப்பது போன்றது.

இந்த நீண்ட மறைவுக் காலத்தை எண்களாகக் காட்டியது, பிரிட்டனின் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த வைட்ஹால்-2 ஆய்வு. 2009-இல் வெளியான அதன் முடிவுகளில், பின்னாளில் சர்க்கரை நோய் வந்தவர்களின் பழைய அளவுகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். நோய் கண்டறியப்படுவதற்குப் பதிமூன்று ஆண்டுகள் முன்பே அவர்களுடைய உடல் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இன்சுலினுக்கு இணங்கியது. கடைசி ஐந்து ஆண்டுகளில் அது வேகமாகச் சரிந்தது. நோய்க்கு நான்கு, மூன்று ஆண்டுகள் முன்பு கணையத்தின் சுரப்பு ஒரு முறை எழும்பி, பிறகு விழுந்தது. அது விழுந்த பிறகே சர்க்கரை செங்குத்தாக ஏறியது. புதிதாக நோய் கண்டவர்களை ஆராய்ந்த இன்னொரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், கண்டறியப்பட்ட நாளிலேயே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருந்தது.

ஆகவே இன்சுலின் எதிர்ப்பும் சர்க்கரை நோயும் ஒன்றல்ல. எதிர்ப்பு உள்ள பலருக்கு வாழ்நாள் முழுதும் சர்க்கரை நோய் வருவதே இல்லை. அவர்களுடைய கணையம் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஈடுகொடுக்க முடியாமல் போகும் இடத்தில்தான் நோய் தொடங்குகிறது. இந்த இரட்டைக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இனிப்பு தின்றதால் சர்க்கரை வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது, நோயாளியின்மீது பழியைப் போடுவதில்தான் கொண்டுபோய் விடுகிறது.

கர்ப்ப காலம் இதற்கு நல்ல சான்று. கர்ப்பத்தின் பின்பாதியில் எல்லாப் பெண்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு கூடுகிறது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் அதைச் செய்கின்றன. தாயின் தசை குளுக்கோஸை முழுதும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால்தானே குழந்தைக்குப் போய்ச் சேரும்? தாயின் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. சமாளிக்க முடியாத பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. பிரசவமானதும் பெரும்பாலும் அது போய்விடும். ஆனால் அந்தக் கணையம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை உடல் ஒரு முறை சோதித்துச் சொல்லிவிட்டது. பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் இதை வலியுறுத்தினார். காலையில் பட்டினியாகப் பேருந்து ஏறி வர முடியாத கிராமத்துக் கர்ப்பிணிக்கும் செய்யக் கூடியதாக, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் பார்க்கும் முறையை அவர் முன்வைத்தார். பொது சுகாதாரத்தில் இதைப் போல எளிமையாகச் சிந்தித்த யோசனைகள் மிகக் குறைவு.

*

சரி, செய்தி ஏன் மங்குகிறது? பல விடைகள் போட்டியிடுகின்றன. அழற்சி ஒரு விடை. போதிய தூக்கமின்மையும் இணக்கத்தைக் குறைக்கிறது. ஒரு வாரம் சரியாகத் தூங்காவிட்டாலே அது தெரிகிறது. ஆனால் சான்றுகள் குவிந்திருப்பது கொழுப்பின் பக்கம்தான். எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே இருக்கும் கொழுப்பு என்பது முக்கியம்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷுல்மன், தசையை வெட்டி எடுக்காமலே காந்த அதிர்வுக் கருவியால் உள்ளே உள்ள கொழுப்பையும் கிளைகோஜனையும் அளந்தார். 2004-இல் அவர் குழு பரிசோதித்தவர்கள் இளைஞர்கள், ஒல்லியானவர்கள், சர்க்கரை அளவு முற்றிலும் சரியாக இருந்தவர்கள். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகள், அதிலும் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்கள். அவர்களுடைய தசைச் செல்களுக்குள் இருந்த கொழுப்பு, மற்ற இளைஞர்களைவிடச் சுமார் 80 சதவீதம் அதிகம். ஷுல்மனின் விளக்கப்படி, செல்லுக்குள் சேரும் கொழுப்பிலிருந்து வரும் டைஅசைல்கிளிசரால் என்ற பொருள் ஒரு நொதியை முடுக்கிவிட, அது இன்சுலின் செய்தியை இடைமறிக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த சான்று இன்னும் வியப்பானது. பிறவியிலேயே தோலுக்கடியில் கொழுப்புத் திசு இல்லாதவர்கள் சிலர் உண்டு. கொழுப்புதான் குற்றவாளி என்றால் இவர்களுக்குச் சர்க்கரையே வரக்கூடாது. ஆனால் இவர்களுக்கு மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது. கொழுப்பைச் சேமிக்க உரிய இடம் இல்லாததால் அது கல்லீரலிலும் தசையிலும் போய்க் குவிகிறது. கொழுப்புத் திசு இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்கு, அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண எலியின் கொழுப்புத் திசுவை ஒட்டுவைத்தபோது அவற்றின் சர்க்கரை நோய் சரியாயிற்று. பையோகிளிட்டசோன் மாத்திரை போடுபவர்களுக்கு எடை கொஞ்சம் ஏறிச் சர்க்கரை இறங்குவதிலும் இதே தர்க்கம் இருக்கிறது. அது தோலுக்கடியில் கொழுப்புக்கு இடம் பெருக்கித் தருகிறது.

நம் நாட்டுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை ஒரு புகைப்படம் சொல்லும். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட, அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் அது. இருவருடைய உடல் நிறைக் குறியீட்டு எண்ணும் ஒன்றே: 22.3. யாரும் குறை சொல்ல முடியாத எண். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அதே எடைக்குள் இந்தியருடைய உடலில் தசை குறைவு, கொழுப்பு கூடுதல்.

இது வளர்ந்த பிறகு வந்த பழக்கத்தால் மட்டும் வந்ததா? யாஜ்னிக் குழு புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளின் கை மெலிந்திருந்தது, வயிற்றுப் பகுதி சிறுத்திருந்தது. தோள்பட்டைக்குக் கீழே தோல் மடிப்பைப் பிடித்து அளந்த கொழுப்பு மட்டும் ஏறக்குறைய அங்குள்ள குழந்தைகளுக்கு நிகராக இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் அளவும் இந்தியக் குழந்தைகளிடம் அதிகம். பிறக்கும்போதே ஒல்லியும் கொழுப்பும் சேர்ந்த உடல். தாயின் வயிற்றில், அவளுடைய தாயின் வயிற்றில், என்று பின்னோக்கிப் போகும் சத்துக் குறைவின் பதிவாக யாஜ்னிக் இதைப் பார்க்கிறார். எனக்கும் அதுவே ஏற்புடையதாகப் படுகிறது. இரண்டு மூன்று தலைமுறைகளாகச் சரியாகச் சாப்பிடக் கிடைக்காத குடும்பத்தில் பிறந்து, இன்று உட்கார்ந்து வேலை செய்து, மூன்று வேளையும் அரிசி நிறையச் சாப்பிடும் ஒருவரிடம் உனக்கு வாய்க் கட்டுப்பாடு இல்லை என்று சொல்வது அறிவியலும் இல்லை, அன்பும் இல்லை.

*

சர்க்கரை ஏறாத காலத்தில் இந்த எதிர்ப்பை வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியுமா? உடல் சில அடையாளங்களைக் காட்டுகிறது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பின்கழுத்தில் கருத்துத் தடித்து, வெல்வெட் துணிபோல ஒரு பட்டை தெரியும். அக்குளிலும் இருக்கும். ஒழுங்காகக் குளிக்கவில்லை என்று அதட்டி, பீர்க்கங்கூட்டால் தேய்த்து, எலுமிச்சையும் தடவிப் பார்க்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் அளவுக்கு மேல் ஓடும் இன்சுலின் தோல் செல்களைப் பெருகத் தூண்டுவதால் வருவது. தேய்த்தால் போகாது, உள்ளே இன்சுலின் குறையும்போது மெல்ல மங்கும். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகும் இளம் பெண்களில் பலருக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையின் பின்னாலும் இதே மிகை இன்சுலின் இருக்கிறது. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வருவதும், ட்ரைகிளிசரைடு கூடி நல்ல கொலஸ்ட்ரால் குறைவதும் இதன் உறவுகள். 1988-இல் ஸ்டான்ஃபோர்டின் ஜெரால்ட் ரீவன் இன்சுலின் எதிர்ப்பையும் இந்த ட்ரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் மாற்றங்களையும் ஒன்றாகக் கோத்து, மாரடைப்போடும் தொடர்புபடுத்தினார்.

இன்று மாஸ்டர் செக்கப் பட்டியலில் வெறும் வயிற்று இன்சுலினும் அதை வைத்துக் கணக்கிடும் ஒரு குறியீட்டு எண்ணும் சேர்க்கப்படுகின்றன. ஆய்வுக்கு அது பயன்படும். தனி ஒருவருக்கு அதன்மேல் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து; ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறுகிறது, அந்த எண்ணை வைத்துச் சிகிச்சை மாறுவதும் அரிது. தையல்காரரின் அளவு நாடா அதைவிட உதவும். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் முன்கூட்டியே.

"பார்டர்லதான் இருக்கு" என்று சொல்லிக்கொள்ளும் நிலை, அதாவது வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199, கணையம் தளரத் தொடங்கிவிட்ட நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டில், நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, இந்த முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி.

திருப்ப முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். தசைக்குச் சுருங்கும் வேலை கொடுத்தால், இன்சுலின் இல்லாமலே குளூட்-4 மேலே வருகிறது. இன்சுலின் செய்தி மங்கிய தசையிலும் இந்த இரண்டாவது பாதை திறந்தே இருக்கிறது. ஒரு நாள் நன்றாக உடற்பயிற்சி செய்ததன் பலன் மறுநாள் வரை நீடிக்கும், அதற்குமேல் மங்கும். வாரத்தில் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடுவதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது நடப்பதும் எடை தூக்குவதும் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கல்லீரலைப் பற்றி நியூகாசிலின் ராய் டெய்லர் 2011-இல் காட்டியது பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. சர்க்கரை நோயாளிகள் 11 பேர் எட்டு வாரம் நாளுக்கு 600 கலோரி அளவு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் இறங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்தது. எட்டு வாரத்தில் கணையத்தின் கொழுப்பும் குறைந்து, சாப்பிட்டவுடன் எழ வேண்டிய முதல் இன்சுலின் அலை திரும்பியது. பிறகு நடந்த பெரிய ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மாத்திரை இல்லாமல் நோயின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவர் துணையில்லாமல் இப்படிப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இதை யாரும் தனியாக முயலக் கூடாது.

நம் ஊர்ச் சான்றும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 531 பேர் இருந்தார்கள். எல்லோரும் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே ஆண்டில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். இதேபோன்ற அமெரிக்க ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நோயை 58 சதவீதம் தடுத்தது; சென்னையில் தடுத்தது 28.5 சதவீதம். ஏன் பாதி?

ஒரு விடை, சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழுவும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் வெங்கட் நாராயண் குழுவும் சேர்ந்து நடத்திய டி-கிளிப் ஆய்விலிருந்து வருகிறது. அதில் சேர வந்தவர்களைப் பரிசோதித்தபோது, சர்க்கரை லேசாக ஏறத் தொடங்கிய நிலையிலேயே பீட்டா செல்களின் திறன் கணிசமாகக் குறைந்திருந்தது. வயது, உடற்பருமன், இன்சுலின் எதிர்ப்பு ஆகியவற்றைக் கணக்கிலெடுத்துக் கழித்த பிறகும் அது அப்படியே நின்றது. நம்மவர்களிடம் எதிர்ப்பு அதிகம் என்பதோடு, அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய கணையத்தின் கையிருப்பும் குறைவாக இருக்கிறது. 2016-இல் வந்த முடிவுகளில், வாழ்க்கைமுறை மாற்றமும் தேவைப்பட்டோருக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்து நோயை 32 சதவீதம் தடுத்தன. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு மணி நேரச் சர்க்கரை மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு 31 சதவீதம். இரண்டு அளவும் ஏறியிருந்தவர்களுக்கு 36 சதவீதம். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு 12 சதவீதம்தான். தசையின் எதிர்ப்பை நடை சரிசெய்கிற அளவுக்கு, கல்லீரலின் இரவு நேர உற்பத்தியையும் பீட்டா செல்லின் தளர்ச்சியையும் அது சரிசெய்வதில்லை போலும்.

ஆகவே 'பார்டர்' என்று சீட்டில் வந்தவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் அளவு எவ்வளவு என்பதோடு நின்றுவிடக் கூடாது. வெறும் வயிற்றில் மட்டும் ஏறியிருக்கிறதா, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்திலும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். நடையோடு எடைக் குறைப்பை எவ்வளவு அழுத்தமாகச் செய்வது, மெட்ஃபார்மினை எப்போது சேர்ப்பது என்பதெல்லாம் அந்த விடையிலிருந்து தொடங்குகிறது.